மடக்குக் கத்தியின் ஆணியும் காவலூரின் அச்சும்



ஜவ்வாது மலைப் பக்கம் போனால் மலைவாழ் மக்கள் கையில் கொடுவாளைப் பார்க்கலாம். விறகு வெட்ட, முள் கழிக்க, பலாப்பழம் பிளக்க அது ஒன்றே போதும். அதன் அலகும் பிடியும் அசையாமல் இறுகியவை. அங்கே மூட்டு இல்லை. ஆகவே மூட்டினால் வரும் தொல்லையும் இல்லை.

உங்கள் பேனாக்கத்தியின் கதை வேறு. அதற்கு மூட்டு உண்டு. சில கத்திகள் நகத்தால் இலேசாக இழுத்த உடனே வெண்ணெயில் நழுவுவதுபோல் திறந்துகொள்ளும். வேறு சில, எவ்வளவு இழுத்தாலும் வராமல் இருந்து, திடீரென்று 'வெடுக்'கென்று திறந்து விரலைப் பதம் பார்க்கும். இரண்டும் ஒரே எஃகு, ஒரே அளவு. ஏன் இந்த வேறுபாடு?

இதே கேள்விக்கு விடை கண்டவர்களால்தான் இதே ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், விண்மீன்களைத் தொடர்ந்து செல்லும் பெரும் தொலைநோக்கிகளைச் சுழல வைக்க முடிந்தது. கத்தியிலிருந்து தொடங்கி அங்கே போய்ச் சேருவோம்.

கத்திக்குள் என்ன இருக்கிறது?

மடக்கும் கருவி நமக்குப் புதிதல்ல. ஓலையில் எழுதிய நம் முன்னோர் மடக்கெழுத்தாணி என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். எழுதும் ஊசியும் ஓலையை வாரும் சிறு கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும்.

சாதாரண மடக்குக் கத்தியில் முக்கியமான உறுப்புகள் நான்கு. ஒன்று அலகு. இரண்டாவது, அலகின் அடிப்பாகத்தைத் துளைத்துச் செல்லும் ஆணி. அலகு சுழல்வது இந்த அச்சில்தான். மூன்றாவது, அலகுக்கும் பிடியின் தகடுகளுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் வாஷர்கள். மலிவான கத்திகளில் இவை இருப்பதில்லை. நான்காவது, பிடியின் முதுகில் இருக்கும் பட்டை வில்.

முதலில் வில்லைப் பார்ப்போம். கத்தி மூடியிருக்கும்போது அலகின் அடிப்பாகத்திலுள்ள தட்டையான பக்கத்தின்மேல் வில் படிந்திருக்கிறது. அலகைத் திறக்கத் தொடங்கினால் அடிப்பாகத்தின் மூலை வில்லை மேலே தூக்குகிறது. நீங்கள் செய்யும் வேலை வில்லில் நிலை ஆற்றலாகச் சேருகிறது. மூலையைக் கடந்ததும் வில் அந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து அலகைத் தள்ளிவிடுகிறது. 'டக்' என்று கத்தி நின்றுகொள்கிறது. ஒரு மேட்டின் இருபுறமும் இரு பள்ளங்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மூடிய நிலை ஒரு பள்ளம். திறந்த நிலை மற்றொரு பள்ளம். மூலையைச் சற்று உருட்டி மழுக்கியிருந்தால் மேடு சரிவாக இருக்கும். கைக்கு இதமாக இருக்கும்.

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் என்பவர் 1891-இல் அந்நாட்டு இராணுவத்துக்கு மடக்குக் கத்திகள் கொடுக்கத் தொடங்கினார். 1897-இல் அவர் பதிவு செய்த கத்தியில் ஒரே வில் பிடியின் இரு பக்கங்களிலும் உள்ள கருவிகளைத் தாங்கிப் பிடித்தது. உலகெங்கும் பெயர் பெற்ற 'சுவிஸ் இராணுவக் கத்தி' இதிலிருந்து வந்ததுதான்.

வில் தரும் தடை நல்ல தடை. வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எந்த இடத்தில் எவ்வளவு தடுக்கும் என்பதும் மாறுவதில்லை. நமக்குத் தொல்லை தருவது ஆணியின் அருகே ஒளிந்திருக்கும் மற்றொரு தடை. அதுதான் உராய்வு.

ஒரு சிறு கணக்கு

உராய்வு விசை, பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இதை 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் வெளியிட்டார். அந்த விகிதத்தையே உராய்வுக் குணகம் என்கிறோம்.

ஒவ்வொரு வாஷரும் 20 நியூட்டன் விசையால் அழுத்தப்படுவதாக வைத்துக்கொள்வோம். உராய்வுக் குணகம் 0.2 என்றால் ஒரு பக்கத்தில் உராய்வு 4 நியூட்டன். இரு பக்கமும் சேர்ந்து 8 நியூட்டன். இது ஆணியின் மையத்திலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தொலைவில் செயல்படுகிறது. நகத்தை வைக்கும் பள்ளமோ மையத்திலிருந்து 32 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. நெம்புகோல் தத்துவப்படி, 8 × 4 = 32 என்ற திருப்புத்திறனைச் சமாளிக்க நகத்துக்கு 1 நியூட்டன் போதும். அதாவது 100 கிராம் எடையைத் தூக்கும் அளவு.

இனி வாஷர் இல்லாத, எண்ணெய் காணாத கத்தியை எடுத்துக்கொள்வோம். எஃகும் எஃகும் உலர்ந்த நிலையில் உரசும்போது குணகம் 0.6 அளவுக்குப் போகலாம். நகத்துக்கு வேண்டியது 3 நியூட்டன். அலகு ஆடுகிறதே என்று ஒருவர் ஆணியின் தலையைச் சுத்தியலால் ஓங்கித் தட்டி, அழுத்தத்தை மும்மடங்கு ஆக்கிவிட்டால்? 9 நியூட்டன்! நக நுனியில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடை! கத்தி திறக்குமுன் நகம் உடைந்துவிடும்.

அப்படியானால் ஆணியை நன்றாகத் தளர்த்திவிட்டால் என்ன? அலகு இடமும் வலமும் ஆடும். சாய்ந்து ஓரத்தில் மட்டும் உரசும். மூடும்போது பிடியின் தகட்டில் இடிக்கும். ஆகவே அலகு ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. அந்த இடைவெளியைச் சரியாக அமைப்பதில்தான் கைவினைஞரின் திறமை இருக்கிறது. துளை அலகுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். வாஷர் படியும் இரு பரப்புகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்.

'வெடுக்' என்பது ஏன்?

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். உராய்வு அதிகமாக இருப்பது மட்டும் ஆபத்தல்ல. அது மாறுவதே ஆபத்து.

ஓய்வில் இருக்கும் பொருளை நகர்த்தத் தொடங்குவதற்கு அதிக விசை வேண்டும். நகரத் தொடங்கிய பின் அதைவிடக் குறைந்த விசை போதும். முன்னது நிலை உராய்வு. பின்னது இயக்க உராய்வு. அலகை அசைக்க 3 நியூட்டன் வேண்டும், அசைந்த பின் 2 நியூட்டன் போதும் என்று கொள்வோம். விரலின் தசை ஒரு மெத்தென்ற வில் போன்றது. 3 நியூட்டன் வரை அது அமுங்கிக்கொண்டே போகிறது. அலகு அசைந்த கணத்தில் 1 நியூட்டன் மிகுதியாகிவிடுகிறது. அந்த மிகுதி முழுவதும் அலகை முடுக்குகிறது. கண்ணோ விரலோ உணர்ந்து மூளை கட்டளையிட்டுக் கை நிற்பதற்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் அலகு பாய்ந்துவிடும். இறுக்கமான கத்தி கையை வெட்டுவது இதனால்தான். எளிதாகத் திறக்கும் கத்தியைவிட அடம்பிடிக்கும் கத்தியே ஆபத்தானது!

ஒட்டுவதும் நழுவுவதுமான இந்த இயக்கம் உங்களுக்குப் பழக்கமானதே. கரும்பலகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிடுவதும், பழைய கதவு கிறீச்சென்று அழுவதும், வயலின் நரம்பு வில்லின் கீழ் இசைப்பதும் இதனால்தான். வயலினில் இது இனிமை. கத்தியில் இது காயம்.

இதை எப்படித் தவிர்ப்பது? நிலை உராய்வையும் இயக்க உராய்வையும் ஏறத்தாழச் சமமாக்கிவிட வேண்டும். அதற்கு வழிகள் உண்டு.

முதலாவது, ஒரே உலோகத்தை ஒன்றோடொன்று உரச விடாதிருப்பது. நுண்ணோக்கியில் பார்த்தால் பளபளக்கும் எஃகும் மேடுபள்ளமாகவே தெரியும். மேடுகள் முட்டும் இடங்களில் ஒரே இன உலோகங்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. எஃகுக்கு நடுவே பாஸ்பர் வெண்கல வாஷர் போட்டால் இந்த ஒட்டுதல் குறைகிறது.

அப்படியானால் எஃகையே கண்ணாடிபோல் இழைத்துவிடலாமே என்கிறீர்களா? அதற்கும் எல்லை உண்டு. தொழிற்சாலைகளில் அளவு பார்க்கப் பயன்படும் எஃகுக் கட்டைகள் மிகத் துல்லியமாக இழைக்கப்பட்டவை. இரண்டை அழுத்தித் தேய்த்தால் பசையில்லாமலே ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும்!

இரண்டாவது, டெஃப்லான் வாஷர். 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த இந்தப் பிளாஸ்டிக்கின் உராய்வுக் குணகம் 0.1-க்கும் கீழே இருக்கலாம். அதன் நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே 'வெடுக்' இல்லை.

மூன்றாவது, சிறு குண்டுகள் பதித்த பால்பேரிங். நழுவுவதற்குப் பதில் உருள்வதால் தடை மிகவும் குறைகிறது. ஆனால் குண்டுகளுக்கிடையே மணல் புகுந்தால் நறநறக்கும். மண்ணிலும் தூசியிலும் வேலை செய்பவருக்குத் தட்டை வாஷரே உகந்தது.

நான்காவது, எண்ணெய். ஒரு துளி போதும். வழிய விட்டால் தூசியைச் சேர்த்து வைக்கும். வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயை விடலாமா? அது சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி இரவில் ஜவ்வாது மலையில் உங்கள் கத்தி மெழுகில் அகப்பட்டதுபோல் ஆகிவிடும்! நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுடன் சேர்ந்து பிசினாகும். தையல் இயந்திர எண்ணெய் இரண்டையும்விட நல்லது.

விண்மீனைத் தொடரும் அச்சு

இனிக் காவலூருக்குப் போவோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த வானாய்வகத்தை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துகிறது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்கு ஆய்வு தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதைத் திட்டமிட்டு, அது முடியுமுன் 1982-இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரையே அது தாங்கியிருக்கிறது.

பூமி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன. தொலைநோக்கி அதே வேகத்தில் அவற்றைப் பின்தொடர வேண்டும். கடிகாரத்தின் மணி முள்ளின் வேகத்தில் இது பாதி! இவ்வளவு மெதுவாகச் சுழற்றுவது எளிதுதானே என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. வேகமாகச் சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, உலோகங்களுக்கிடையே ஒரு படலமாக விரித்துக்கொள்ளும். மெதுவாகச் சுழலும்போது படலம் நசுங்கி வெளியேறிவிடும். உலோகம் உலோகத்தைத் தொடும். ஒட்டுதலும் நழுவுதலும் தொடங்கிவிடும். மெதுவாகத் திறந்து பார்த்தால்தான் கத்தியின் குற்றம் தெரியும் என்பதும் இதனால்தான்.

தொலைநோக்கியில் பாகையின் 3600-இல் ஒரு பங்கு அளவு துள்ளல்கூடப் படத்தைக் கெடுக்கத் தொடங்கும். அச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் அது 0.005 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இதற்கு ஓர் அழகிய தீர்வை அமெரிக்காவில் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியில் காணலாம். 1948-இல் அர்ப்பணிக்கப்பட்ட அதன் சுழலும் பகுதி சுமார் 530 டன். அதன் லாட வடிவத் தாங்கியின் அடியில் அழுத்தத்துடன் எண்ணெய் செலுத்தப்படுகிறது. முழுப் பாரமும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. திரவத்தில் நிலை உராய்வு என்பதே கிடையாது. ஆகவே 530 டன்னை விண்மீனோடு நகர்த்த, 12-இல் ஒரு பங்கு குதிரைத்திறன் கொண்ட மோட்டார் போதுமானதாயிற்று. காவலூரின் பெரிய தொலைநோக்கிக்கும் லாட வடிவத் தாங்கிதான். வடக்கே சுமார் 12.5 பாகை அட்சரேகையில் இருப்பதால் அதன் முக்கிய அச்சு, மாட்டு வண்டியின் அச்சைப் போல, ஏறத்தாழப் படுத்தே இருக்கிறது.

சீரான சுழற்சியால் கிடைக்கும் பயன் என்ன? 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னே கடந்து சென்றது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி அந்த விண்மீனைத் தொடர்ந்துகொண்டிருந்தபோது அதன் ஒளி சில விநாடிகள் மங்கியது பதிவாயிற்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கு அன்று கிடைத்த சான்றுகளில் அதுவும் ஒன்று. அந்தச் சில விநாடிகளில் அச்சு துள்ளியிருந்தால்?

நீங்களே செய்து பாருங்கள்

கனமான புத்தகம் ஒன்றை நூலால் கட்டி, நூலில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி, மேசைமேல் மிக மெதுவாக இழுங்கள். புத்தகம் அசையுமுன் வளையம் எவ்வளவு நீள்கிறது, அசைந்த பின் எவ்வளவு சுருங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். அந்த வேறுபாடே உங்கள் கத்தியின் 'வெடுக்'. பிறகு மேசையில் முகப்பவுடரைத் தூவி இழுங்கள். அடுத்து, புத்தகத்தின் கீழ் உருண்டையான பென்சில்களை வைத்து இழுங்கள். எதில் வேறுபாடு குறைகிறது?

வீட்டில் அடம்பிடிக்கும் மடக்குக் கத்தி இருந்தால் பெரியவர்கள் துணையுடன் முதலில் மூட்டிலுள்ள அழுக்கைத் துடையுங்கள். பிறகு ஆணியருகே ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, பலமுறை மெதுவாக மடக்கித் திறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். சுத்தியலைத் தேட வேண்டாம்!