நடமாடும் வீட்டின் மின்காவல்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விடுமுறைப் பயணம் புறப்படுகின்ற குடும்பங்கள் பல, விடுதிகளை நாடாது வீட்டையே உடன் கொண்டு செல்கின்றன. மோட்டார் வண்டி ஒன்றினுள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, நீர்ப்பம்பி, விளக்கு யாவும் அடங்கியிருக்கும். 1950களில் ஜேர்மனியில் வொல்க்ஸ்வாகன் வான்களை இவ்வாறு வீடாக்கிய காலத்தில் அவற்றில் மின்சாரத்துக்கு இருந்த வேலை சொற்பமே. இன்றைய வீட்டுவண்டியின் கூரையிலே சூரியத் தகடுகள், இருக்கையின் அடியிலே பெரிய பற்றரிகள், சுவர்ப்பலகைக்குப் பின்னாலே நூறு மீற்றருக்குக் குறையாத கம்பி என்பன சாதாரணமாகிவிட்டன. சுவரோ மெல்லிய பலகை, மெத்தையோ நுரை, பக்கத்திலே சமையல் வாயு உருளை. வாயில் பெரும்பாலும் ஒன்றே. இத்தகைய சிற்றறையில் நால்வர் உறங்கும்போது சுவருக்குள் ஒரு கம்பி கனன்றால் விழித்தெழுந்து வெளியேற அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அவ்வாறு நேராமற் காப்பதற்கென வைக்கப்படுபவையே உருகியும் சுற்றுடைப்பானும்.

பற்றரி தருவது 12 வோல்ற்றுத்தானே, அதனால் என்ன தீங்கு விளையப்போகின்றது என்று கேட்பாருளர். அதன் இரு முனைகளையும் உலர்ந்த விரல்களால் தொட்டாலும் அதிர்ச்சி ஏற்படாது என்பது உண்மையே. ஆனால், அதே முனைகளுக்குக் குறுக்கே ஒரு திருகுசாவி தவறி விழுந்தால் இரும்பு சிவந்து உருகும். தீங்கு உடம்பை விட்டுக் கம்பிக்கு மாறியிருக்கின்றதேயன்றி ஒழிந்துவிடவில்லை. 1,200 வாற்று வலுவுள்ள ஒரு நீர்க் கேத்தல், நம் நாட்டு வீடுகளில் உள்ள 230 வோல்ற்றில் ஏறத்தாழ 5 அம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கும். அதே வலுவை 12 வோல்ற்றில் பெற வேண்டுமாயின் 100 அம்பியர் ஓட வேண்டும். கம்பியிற் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியொன்றில் 10 அம்பியர் ஓடும்போது மீற்றருக்கு ஒரு வாற்றுக்குச் சற்றுக் கூடுதலான வெப்பமே தோன்றும். கையால் தொட்டாலும் தெரியாது. 60 அம்பியர் ஓடுமாயின் அவ்வெப்பம் 36 மடங்காகி, மீற்றருக்கு 40 வாற்றைத் தாண்டும். ஒவ்வொரு மீற்றர் கம்பிக்குள்ளும் பழைய இழை மின்குமிழ் ஒன்றை எரியவிட்டுப் பஞ்சால் மூடியது போன்ற நிலை அது.

உருகியைத் தெரிவு செய்வோர் பலர் முதலில் நோக்குவது கருவியை. பம்பிக்கு எத்தனை அம்பியர், விளக்குக்கு எத்தனை அம்பியர் என்று கேட்டு அதற்கேற்ப ஒன்றை வாங்கிச் செருகுகின்றனர். உருகியின் முதற் கடமை கம்பியைக் காப்பதாகும். ஆதலால் கருவியின் மின்னோட்டத்தை அறிந்து, அதைத் தாங்கும் கம்பியைத் தெரிந்து, அக்கம்பி தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டாத உருகியை இறுதியில் தெரிவதே முறை.

நீர்ப்பம்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 7 அம்பியர் எடுக்கின்றது. பற்றரியிலிருந்து 5 மீற்றர் தூரத்தில் இருக்கின்றது. போக்கும் வரவுமாகக் கம்பியின் நீளம் 10 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி இம்மின்னோட்டத்தைச் சூடேறாமலே தாங்கும். எனினும் அதன் தடையினால் அரை வோல்ற்று வழியிலேயே இழக்கப்படும். 12 வோல்ற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு. 4 சதுர மில்லிமீற்றர் கம்பியாயின் இழப்பு 0.3 வோல்ற்றளவில் நின்றுவிடும். ஆகவே தாழ்ந்த வோல்ற்றளவில், வெப்பத்தைத் தாங்குவதற்கு வேண்டியதிலும் தடித்த கம்பியையே பெரும்பாலும் இட நேர்கின்றது. அக்கம்பி 30 அம்பியரைத் தாங்கக்கூடும். அதற்காக 30 அம்பியர் உருகியை இட வேண்டியதில்லை. பம்பிக்குள் மணல் புகுந்து அது சுழலாது நின்றால் 15 அம்பியர் இழுக்கும். 30 அம்பியர் உருகி அதைக் கண்டுகொள்ளாது. பம்பியின் சுருள் கருகும். 10 அம்பியர் உருகி கம்பியையும் காக்கும், பம்பிக்கும் ஓரளவு துணை நிற்கும். கம்பி மேலெல்லையை வகுக்கின்றது; கருவியைச் செய்தவர் குறித்த அளவு அதற்குள் அடங்குமாயின் அதையே இடுவது நன்று.

10 அம்பியர் உருகி 11 அம்பியரில் உடனே அறுந்துவிடும் என எண்ணுவதும் தவறு. மோட்டார் வண்டிகளில் இன்று வழங்கும் தட்டையான அலகு உருகிகள், குறித்த அளவுக்கு மேல் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடிய மின்னோட்டத்தை 100 மணித்தியாலமேனும் தாங்குமாறு செய்யப்படுபவை. இரு மடங்கு ஓடினால் ஐந்து செக்கனுக்குள் அறும். மறுபுறத்தில், உருகியின் அளவை ஒட்டியே இடைவிடாது மின்னோட்டம் ஓடினால் அது சூடேறித் தளர்ந்து காரணமின்றி அறுந்துபோவதுமுண்டு. எனவேதான் நீண்ட நேரம் ஓடும் கருவிக்கு உருகியின் அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்கின்றனர். இவ்வுருகிகளின் நிறமே அளவைச் சொல்லிவிடும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு அறுந்த இடத்திற் பச்சையைச் செருகுபவர், சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்த பழைய வீட்டுக்காரருக்கு எவ்வகையிலும் மேம்பட்டவரல்லர்.

அளவைப் போலவே இடமும் முக்கியமானது. பம்பியின் அருகே உருகியை வைத்துவிட்டு, பற்றரியிலிருந்து அதுவரை வரும் கம்பியைக் காவலின்றி விடுவது பெரும் பிழை. வண்டியின் குலுக்கத்தில் அக்கம்பி ஓர் இரும்புத் துளையின் விளிம்பில் உராய்ந்து காவலுறை தேய்ந்தால், மின்னோட்டம் உருகியை அணுகாமலே வண்டியின் உடற்சட்டம் வழியாகப் பற்றரிக்குத் திரும்பிவிடும். ஆகையால் உருகி பற்றரியின் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுதி, இத்தகைய வண்டிகளில் மின் வழங்கல் இணையும் இடத்திலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 45 சென்ரிமீற்றருக்குள், காவற் சாதனம் இருத்தல் வேண்டும் என்கின்றது. எஞ்சினைக் கிளப்பும் பற்றரியையும் வீட்டுப் பற்றரியையும் இணைக்கும் தடித்த கம்பிக்கு இரு முனைகளிலும் உருகி வேண்டும். இரண்டு புறமும் பற்றரியே இருப்பதால், நடுவில் எங்கே பழுது நேர்ந்தாலும் இரு திசையிலிருந்தும் மின்னோட்டம் பாயுமன்றோ!

இனி, உருகியா சுற்றுடைப்பானா என்ற கேள்வி. 1924இல் ஜேர்மனியில் ஹூகோ ஸ்ரொட்ஸ் என்பாரின் பெயரோடு உரிமம் பெற்ற சிறு சுற்றுடைப்பானின் வழிவந்தவையே இன்று வீடுகளில் உள்ளவை. அதனுள் ஈருலோகப் பட்டையொன்று உண்டு. மின்னோட்டம் அளவை மீறிச் சற்று நேரம் நீடித்தால் அது வளைந்து ஆளியை விடுவிக்கும். திடீரெனப் பெருமின்னோட்டம் பாய்ந்தால் அருகிலுள்ள காந்தச் சுருள் கணத்தில் அதே வேலையைச் செய்யும். பழுதை நீக்கியபின் நெம்பை உயர்த்தினாற் போதும். அடிக்கடி திணறும் மோட்டர்களுக்கு இது வசதியானதே.

ஆயினும் வீட்டுக்கென வாங்கிய சுற்றுடைப்பானைப் பற்றரிச் சுற்றில் இடலாகாது. வீட்டு மின்சாரம் ஆடலோட்டம். செக்கனுக்கு 100 தடவை அது பூச்சியத்தைக் கடக்கின்றது. தொடுகைகள் விலகும்போது தோன்றும் மின்வில் அவ்வேளையில் தானே அணைய வாய்ப்புண்டு. பற்றரி தருவதோ நேரோட்டம். அது பூச்சியத்தைத் தொடுவதேயில்லை. வில் விடாது எரிந்து சாதனத்தையே உருக்கக்கூடும். நேரோட்டத்துக்கெனக் குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும். அவற்றுட் சில நிலைக்காந்தத்தால் வில்லை இழுத்து அணைப்பன. அவற்றை நேர், மறை முனை மாற்றிப் பொருத்தினால் அணைக்க மாட்டா. தானாகவே மீண்டும் இணையும் வகையும் உண்டு. பழுது தீராத கம்பிக்கு அது திரும்பத் திரும்ப மின்னோட்டத்தை ஊட்டிக்கொண்டிருக்கும். உறங்குபவர் உள்ள வண்டிக்குக் கையால் மீட்கும் வகையே பொருந்தும்.

சுற்றுடைப்பானுக்குரிய உண்மையான இடம் வண்டியின் 230 வோல்ற்றுப் பகுதி. ஐரோப்பிய முகாம்களில் வண்டியை வெளி மின்சாரத்தோடு இணைக்கும்போது, சில நாடுகளில் உயிர்க்கம்பியும் நடுநிலைக்கம்பியும் இடம் மாறி வருதல் வழக்கம். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் சுற்றுடைப்பான் அந்நிலையிற் கருவியை உயிரோட்டத்திலேயே விட்டுவிடும். இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் வகை வேண்டுவது இதனாலேயே. இதனோடு, 30 மில்லி அம்பியர் கசிவையும் உணர்ந்து துண்டிக்கும் சாதனம், நம்மவர் ‘றிப் சுவிச்’ என்று அழைப்பது, மனித உயிரைக் காப்பதற்குத் தனியே வேண்டும். அவ்வேலையை உருகி செய்யாது.

பற்றரியின் வாயிலில் உருகியே சிறந்தது. காரணம், துண்டிக்கும் ஆற்றல். சாதனத்தின் மேல் 200 அம்பியர் என்று எழுதியிருப்பது அது சுமக்கும் அளவு; பழுதின்போது எத்தனை ஆயிரம் அம்பியரை அது சிதறாமல் நிறுத்தும் என்பது வேறோர் எண். சாதாரண அலகு உருகிக்கு அவ்வெண் 1,000 அம்பியரளவே. பெரிய ஈய அமிலப் பற்றரியே குறுஞ்சுற்றில் ஆயிரத்துக்கு மேல் தரவல்லது. இன்று பரவிவரும் இலிதியப் பற்றரியின் உட்தடை அதிலும் குறைவானதால், பல பற்றரிகள் இணைந்தவிடத்துப் பாயும் ஓட்டம் பன்மடங்காகலாம். அதற்கென மணல் போன்ற நிரப்பி கொண்ட ‘ரி’ வகுப்பு உருகிகள் உள. இவை நேரோட்டத்தில் 20,000 அம்பியரையும் நிறுத்துவன. 12 வோல்ற்றை 230 வோல்ற்றாக மாற்றும் 2,000 வாற்றுக் கருவியொன்று இழப்பையும் சேர்த்து 200 அம்பியரை நெருங்கும். அதற்கு 70 சதுர மில்லிமீற்றர் வடமும் 250 அம்பியர் உருகியும் வழக்கம். இவ்வுருகியின் விலையைக் கேட்டுப் பலர் முகம் சுளிப்பர். பற்றரியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிதே.

எந்த உருகியும் காணாத பழுது ஒன்றுண்டு. தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை. ஆனால் அவ்வொரு புள்ளியில் வெப்பம் கூடுகின்றது. பாதையின் குலுக்கம் திருகுகளை மெல்ல மெல்லத் தளர்த்தும். ஆகையால் ஆண்டுக்கொரு தடவையேனும், நீண்ட பயணத்துக்கு முன்னரும், பற்றரியைத் துண்டித்து முனைத்திருகுகளை இறுக்கிப் பார்த்தல் வேண்டும். நிறம் மாறிய காவலுறையோ உருகித் தாங்கியில் இளகிய பிளாஸ்ரிக்கோ தென்பட்டால் உருகியை மட்டும் மாற்றாது, தாங்கியையும் இணைப்பையும் சேர்த்தே மாற்றுவர். உருகிப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் எந்த உருகி எந்தக் கருவிக்கு, எத்தனை அம்பியர் என எழுதி ஒட்டி, ஒவ்வோர் அளவிலும் இரண்டை அங்கேயே வைத்திருத்தல் நள்ளிரவில் மலைப்பாதையோரம் விளக்கணைந்து நிற்பவருக்கு உதவும்.