இழுத்தால் திறக்கும் அபிதான சிந்தாமணி

செருப்பைக் கழற்ற வேண்டாம், அப்படியே உள்ளே வாங்க. தரையெல்லாம் மரத்தூள், ஸ்க்ரூ, காலி டீ டம்ளர். சென்னை சேலையூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டு மாடி இது. எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு புத்தக அலமாரி நிற்கிறதே, அது அலமாரி இல்லை, கதவு! பின்னால் குட்டியாக ஒரு படிப்பறை. வேலை முடியும்வரை வெளியாள் கண்ணில் படக் கூடாது என்று பேத்தியின் உத்தரவு. கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிவிட்டேன்!

காதில் பென்சிலோடு தச்சர் அண்ணன் தரையில் கன்னம் வைத்துப் படுத்திருக்கிறார். அடியில் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம். "தள்ளுங்க பார்ப்போம்" என்றார். ஒரு விரலை வைத்தேன், அத்தனை பெரிய அலமாரி கோயில் தேர் மாதிரி அசைந்து நகர்ந்தது!

சும்மா ஒரு கீலை வைத்து இதைத் தொங்கவிட முடியாது. ஒரு மீட்டர் தட்டில் புத்தகம் நிரம்பினாலே 20, 30 கிலோ தேறும். இதில் 5 தட்டு. அதனால் தரையில் ஒன்று, மேலே நிலையில் ஒன்று என்று இரண்டு இரும்பு முளைகள். மொத்தப் பாரமும் கீழ்முளையில் இறங்குகிறது.

காலியாக இருந்தபோது சுழன்ற அலமாரி, புத்தகம் ஏற்றியதும் கிரீச்சென்று தரையை உரசியது. எல்லாவற்றையும் மறுபடி இறக்கணும்! வியர்வையில் நனைந்த உதவிப் பையன் பாதியில் காணாமல் போனான். ஜன்னலோரம் பொன்னியின் செல்வனோடு உட்கார்ந்திருக்கிறான். "டேய், இறக்கச் சொன்னா படிக்கிறியா?" "முதல் பாகம் முடியப்போகுதுண்ணே. ரெண்டாவது எந்தத் தட்டுல இருக்கு?" ஆசிரியை முகத்தைப் பார்க்கணுமே, அவ்வளவு பூரிப்பு!

2015 வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் ப்ளைவுட் அடுக்கடுக்காக உரிந்துபோனதைப் பார்த்தவர் அண்ணன். தண்ணீரைத் தாங்கும் 710 தர ப்ளைவுட் தவிர வேறு பலகையைத் தொடுவதில்லை. ஐப்பசி மழைக்கு மரம் உப்பும் என்று ஓரங்களில் கூடுதலாக ஒரு நூல் அளவு இடைவெளி விடுகிறார்.

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்துவிட்டுத்தான் பேத்தி இந்தக் கதவைக் கேட்டிருக்கிறாள். 1942இல் ஆம்ஸ்டர்டாமில் ஆனின் குடும்பம் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்த அறைகளின் வாசலையும் ஒரு புத்தக அலமாரிதான் மறைத்தது. அதைச் செய்தவர் அங்கே கிடங்கைப் பார்த்துக்கொண்ட யோஹான் வோஸ்கைல். ஆசிரியை சொல்லச் சொல்ல, அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அவரும் தச்சரா?"

இப்போது பூட்டு! மூன்றாம் தட்டில் அபிதான சிந்தாமணி என்ற கலைக்களஞ்சியத்தின் முதுகில் மெல்லிய கம்பி. அதை முன்னால் சாய்த்தால் கொக்கி விடுபடும். பையன் உற்சாகத்தில் பக்கத்துப் புத்தகத்தை இழுக்க, அது அவன் காலிலேயே விழுந்தது. உள்பக்கம் ஒரு கைப்பிடியையும் அண்ணன் பொருத்தினார். யாரும் கேட்காமலே. "குழந்தை உள்ள இருக்கும்போது கரண்ட் போனா? உள்ளேருந்து திறக்க முடியாத கதவை நான் செய்யறதில்லம்மா."

முதலில் சோதித்துப் பார்த்தவர் ஆசிரியைதான். உள்ளே போனார், டக்கென்று பூட்டிக்கொண்டது. அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது: "டீயை இங்கேயே கொண்டாங்கப்பா!"