நிலவளம் காக்க நிபுணர் துணை

திண்டுக்கல் சமவெளியின் புஞ்சைகளில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் கனமழை மேல்மண்ணை வாரிக் கொண்டு ஓடைகளில் சேர்க்கிறது. பல தலைமுறைக் காலமாகச் சேர்ந்த வளம் ஒரே இரவில் போய்விடுகிறது. "வரப்பு உயர்த்தினால் போதாதா?" என விவசாயிகள் நம்மிடம் வினவுவதுண்டு. வரப்பு அவசியமே, ஆனால் அது மட்டம் பார்த்துப் போட்ட வரப்பாக இருத்தல் வேண்டும்.

நாம் நேரில் கண்ட ஒரு சம்பவம் இதனை விளக்கும். விவசாயி ஒருவர் இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்தி, கண்ணளவாகவே வரப்புக் கட்டினார். மிகைநீர் வெளியேறக் கலிங்கு வைக்கவில்லை. அடுத்த மழையில் தாழ்வான இடத்தில் நீர் தேங்கிக் கரை உடைந்தது. கீழ்ப்புறத்து நிலத்தின் கடலைப் பயிரும் அழிந்தது. பணம் வீணானதோடு அண்டை அயல் உறவும் கெட்டது.

சரிவை அளந்து, மண்ணின் தன்மையறிந்து திட்டமிடுவது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. அரசு அலுவலர் ஒவ்வொருவருக்கும் பல கிராமங்கள் பொறுப்பாக இருப்பதால், வெளி நிபுணரின் துணையும் தேவையாகிறது. 2008-ஆம் ஆண்டின் நீர்ப்பிடிப்பு மேம்பாட்டு வழிகாட்டு நெறிகள், தன்னார்வ நிறுவனங்களும் இப்பணியை ஏற்று நடத்த இடமளித்தன. வேளாண்மை, மண்ணியல், நீர் மேலாண்மை முதலியன அறிந்த நால்வரேனும் கொண்ட குழு வேண்டும் என்றும், அதில் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தன. 2002-இல் மத்திய அரசு தொடங்கிய 'அக்ரி கிளினிக்' திட்டத்தின் கீழ், வேளாண் பட்டதாரிகள் பயிற்சி பெற்று ஆலோசனைத் தொழில் நடத்துகின்றனர். அமெரிக்க நாட்டிலும் 2002-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம், அரசிடம் தகுதிச் சான்று பெற்ற வெளி நிபுணரை விவசாயி தாமே தேர்ந்தெடுக்க வழி வகுத்தது. ஆயினும் அவர் தரும் திட்டம் அரசு வகுத்த தரத்திற்குப் பொருந்தியே தீர வேண்டும்.

நிபுணரை அமர்த்துமுன் சிலவற்றைக் கவனித்தல் நலம். முதலாவதாக, அவருடைய பட்டத்தையும் பயிற்சிச் சான்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, உரமோ மோட்டாரோ விற்பவர் கூறும் யோசனையை இன்னொருவரிடமும் விசாரித்தறிய வேண்டும். மூன்றாவதாக, சான்று அளிப்பவரே ஆலோசகராகவும் இருத்தல் முறையன்று. அங்ககச் சான்றளிப்பில் சோதிப்பவர் வேறு, யோசனை கூறுபவர் வேறாக இருந்தால்தான் சான்றுக்கு மதிப்புண்டு. நான்காவதாக, வரைபடம், அளவு, மதிப்பீடு ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். மானியம் கோருவோர், வேலை தொடங்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறையினரிடம் அவற்றைக் காட்டி ஒப்புதல் பெறுதல் அவசியம்.

1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் திரு. ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் நம் மாவட்டத்திலேயே உள்ளது. அங்குள்ள கிராமியப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தை விவசாயிகள் அணுகிப் பயன் பெறலாம்.

இறுதியாக ஒன்று. நிபுணருக்கு மட்டக்கருவி தெரியும். எந்த மூலையில் வெள்ளம் புகும் என்பது உழுபவருக்கே தெரியும். ஆகவே அளவெடுக்கும் நாளில் நிலத்துக்குரியவரும் அண்டை நிலத்தாரும் உடனிருந்து யோசனை கூற வேண்டும். அவ்விதம் கட்டிய வரப்பே மண்ணையும் காக்கும், உறவையும் காக்கும்.