வெளிநாட்டு வழக்கை நிறுத்தும் ஆணை: அதன் கை எவ்வளவு தூரம் நீளும்?

பெற்றோர் ஒரு நாட்டிலும், பிள்ளைகள் வேறு நாடுகளிலும், சொத்துக்கள் இன்னும் சில நாடுகளிலுமாகச் சிதறியுள்ள குடும்பங்களில் வாரிசுரிமைத் தகராறு எழும்போது, ஒரே விவகாரம் இரு நாடுகளின் நீதிமன்றங்களை எட்டிவிடுவது உண்டு. அங்கு தொடுக்கப்பட்ட வழக்கை நிறுத்துமாறு இங்குள்ள நீதிமன்றம் ஆணையிட முடியுமா?

முடியும். ஆனால் அந்த ஆணை யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதில்தான் அதன் வலிமையும் வரம்பும் அடங்கியுள்ளன.

எந்த நாட்டுச் சட்டம்?

ஆங்கிலேயச் சட்ட மரபு வேரூன்றிய நாடுகளில், வீடு, காணி போன்ற அசையாச் சொத்தின் வாரிசுரிமையை அச்சொத்து அமைந்துள்ள நாட்டின் சட்டமே பொதுவாகத் தீர்மானிக்கிறது. வங்கிச் சேமிப்பு போன்ற அசையும் சொத்துக்கு, இறந்தவர் நிரந்தர வாழிடமாகக் கொண்டிருந்த நாட்டின் சட்டம் பொருந்தும். லண்டனில் காலமான ஒருவரின் யாழ்ப்பாணக் காணிக்கு இலங்கைச் சட்டமும், உரியவர்களுக்குத் தேசவழமையும் பொருந்த, அவரது லண்டன் சேமிப்புக்கு இங்கிலாந்துச் சட்டம் பொருந்தக்கூடும். இரு நாடுகளில் வழக்கு நடப்பது மட்டுமே தவறாகிவிடாது.

ஆளைக் கட்டுப்படுத்தும் ஆணை

ஒரு நாட்டின் நீதிமன்றம் மற்றொரு நாட்டின் நீதிமன்றத்துக்கு உத்தரவிட இயலாது. எனவே தடையாணை வழக்காளி மீதே பிறப்பிக்கப்படுகிறது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை குறித்த வழக்கொன்றில் 2003இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிகளை வகுத்தது: எதிர்த்தரப்பினர் நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்கு உட்பட்டவராக இருக்கவேண்டும், தடை மறுக்கப்பட்டால் நீதி பிறழும் நிலை இருக்கவேண்டும், பிறநாட்டு நீதிமன்றத்துக்குரிய மதிப்பும் பேணப்படவேண்டும்.

பெங்களூர் தந்த பாடம்

1990 பிப்ரவரியில் பெங்களூரில் நிகழ்ந்த விமான விபத்தில் 92 பேர் உயிரிழந்தனர். லண்டனில் வசித்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தினர் சிலர், விமானத்தைத் தயாரித்த ஏர்பஸ் நிறுவனத்திடம் இழப்பீடு கோரி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தனர். பெங்களூர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவர்கள் இந்தியாவில் இல்லாததால் அத்தடை பயனற்றுப்போக, நிறுவனம் லண்டன் நீதிமன்றங்களை நாடியது. இந்தியாவுக்கும் டெக்சாஸுக்கும் இடைப்பட்ட விவகாரத்தில் இங்கிலாந்து தலையிடப் போதிய தொடர்பு இல்லை என்று 1998இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது.

அது வாரிசுச் சொத்து வழக்கு அன்று. எனினும் அதன் பாடம் இங்கும் பொருந்துகிறது. டொரொண்டோவில் வாழும் சகோதரருக்கு எதிராகச் சென்னையில் பெறும் தடையாணை, அவருக்கு இந்தியாவில் எந்த உடைமையும் இல்லையெனில் பெரும்பாலும் காகிதமாகவே எஞ்சும். சென்னை வீட்டில் அவருக்குப் பங்கிருந்தால் நிலைமை வேறு. தடையை மீறுவோரின் சொத்தைப் பற்றுகை செய்யவும், அவரைச் சிறையிலிடவும் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது.

தாமதமும் பாதகமாகும். வெளிநாட்டு வழக்கு பல கட்டங்களைக் கடந்தபின் தடை கோருவோரை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை.

சொத்துடையவர் தம் வாழ்நாளிலேயே ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி உயில் எழுதிவைப்பது இத்தகைய சிக்கல்களைக் குறைக்கும். ஆனால் பிந்திய உயிலில் "முந்திய உயில்கள் அனைத்தும் ரத்து" என்ற வழக்கமான வாசகம் இடம்பெற்றால், மற்ற நாட்டுக்கு எழுதிய உயிலும் அதனுடன் செல்லாததாகிவிடக்கூடும்.