உங்களுக்குத் தெரியுமா? கதை எழுதிப் படித்த டாக்டர்

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த திரிபுரசுந்தரிக்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டிலிருந்து பணம் வருவது சிரமமானது. ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.எஸ்.வாசனிடம் கதை எழுத வாய்ப்புக் கேட்டார். கதைகளுக்குக் கிடைத்த சன்மானத்தில் படிப்பைத் தொடர்ந்து டாக்டரானார். ‘லட்சுமி’ என்ற அவருடைய புனைபெயரைச் சொன்னால் நம் பாட்டிமார்களுக்கு உடனே தெரியும். மணமாகித் தென்னாப்பிரிக்கா போன பிறகும் எழுத்தை விடவில்லை. அந்நாட்டுத் தமிழர் வாழ்வைத் தொட்ட ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். எத்தனை பெரிய உழைப்பு!

நாடகத்துக்கு வந்த டாக்டர்களும் உண்டு. புனேயில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த ஸ்ரீராம் லாகு, 1969-இல் முழுநேர மராத்தி நாடக நடிகரானார். ரஷ்ய நாடகாசிரியர் செக்காவ், 1892-இல் காலரா பயம் பரவியபோது கிராமங்களில் வைத்தியம் பார்த்தவர்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வடக்கனந்தல் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர்க் கல்லூரி. விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும் வட்டாரம் இது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் நோயாளி தயங்கித் தயங்கிச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க, கதையும் கூத்தும் ஒரு டாக்டரைக் கட்டாயம் பழக்கும் என்பது என் உறுதியான எண்ணம். விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவல், ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் காத்திருக்கும் குடும்பத்தைப் பற்றியது. நீட் தேர்வுக்குப் படிக்கும் உங்கள் பிள்ளை அதைக் கையில் எடுத்தால், தயவுசெய்து பிடுங்கி வைக்காதீர்கள்.