கம்பிவழித் தொடர்பும் பழுதறி முறையும்

நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அது தொலைபேசிக் கம்பிக்கும் பொருந்தும். 1990களில் போரினால் தொடர்பிழந்து வாழ்ந்த வன்னி மக்கள் கம்பியின் அருமையை நன்கறிவர்.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உள்ள இரு அலுவலகங்கள் தொலைபேசி வழியாகக் கணினிகளை இணைக்கின்றன எனக் கொள்வோம். பேச்சுத் தெளிவாகக் கேட்கின்றது. கணக்கேடோ இடையில் அறுந்துபோகின்றது. காரணம் யாது?

தொலைபேசி வழி, செக்கனுக்கு ஏறத்தாழ 300 முதல் 3400 வரையான அதிர்வுகளையே செவ்வனே கடத்தும். கணினியின் இலக்கங்களை இவ்வெல்லையுள் அடங்கும் ஒலியாக மாற்றுவது மோடம். ஒரு சொல் சிதைந்தால் மனிதச் செவி பொருளை ஊகித்துக்கொள்ளும். மோடத்திற்கு அவ்வூகம் இல்லை. ஆகலின் சிறு கரகரப்பும் அதன் வேகத்தைக் குறைக்கும்; பெருகின் தொடர்பையே அறுக்கும்.

பழுதறிய விரும்புவோர் வழியைக் கூறுகூறாகப் பிரித்தாராய்தல் வேண்டும். முதற்கண், வெளிக்கம்பி கட்டிடத்தை வந்தடையும் இடத்திலேயே மோடத்தை இணைத்துப் பார்க்க. பழுது நீங்கின் குற்றம் உட்கம்பியினது. நீங்காவிடின் வேறு மோடத்தை இடுக. பின்னர் வேறோர் ஊரை அழைக்க. எவ்வூருக்கும் தொடர்பு அறுமாயின் குற்றம் பெரும்பாலும் நம் பக்கத்தது. ஓரூருக்கு மட்டுமாயின் மறுமுனையிலோ இடைவழியிலோ உளது. மாரியில் மட்டும் தோன்றும் பழுது, கம்பி மூட்டுக்களில் ஈரம் புகுந்தமையைக் காட்டலாம். மோடத்தின் வேகத்தைக் குறைத்து வைத்தல் தற்காலிக மருந்தேயாம்.

இன்று மோடத்தின் இடத்தை ஒளியிழையும் கம்பியில்லாத் தொடர்பும் பெற்றுவிட்டன. எனினும் முறை மாறவில்லை. ஒரு தடவைக்கு ஒன்றையே மாற்றிச் சோதிப்பவன், மறுமுனையிலுள்ளாரை வீணே பழியான்.