படநூலும் குழந்தையின் தேர்வும்

குழந்தைக்கு நல்லொழுக்கம் உணர்த்தப் படநூல் பயன்படும் என்பதை எவரும் மறுப்பதிலர். அஃது எவ்வாறு பயன்படுகின்றது என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுகின்றது. தீயதன் விளைவைக் காட்டி அச்சுறுத்துவதினும், எண்ணித் துணியும் பழக்கத்தை வளர்ப்பதே படநூலுக்கு உரிய பணி என்பது எம் கருத்து.

அச்சுறுத்தும் முறைக்குச் சிறந்த சான்று, செருமனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகர மருத்துவர் ஐன்றிக் ஹாப்மன் 1845ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்ட்ருவெல்பீட்டர்' என்னும் நூலாகும். தம் இளமகனுக்குக் கிறித்துமசுப் பரிசாக அவர் தாமே எழுதி வரைந்தது அது. விரல் சூப்பும் சிறுவனின் கட்டைவிரல்களைத் தையற்காரன் பெருங்கத்தரியால் துணிக்கின்றான். தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகின்றாள். ஆணை, மீறல், தண்டம் என்னும் மூன்றே இக்கதைகளில் உள. எண்ணிப் பார்ப்பதற்கு இடமில்லை.

இவ்வச்சம் பயன் தருமா? கனடா நாட்டு ஆய்வாளர் சிலர் 3 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டிப் பின் அவர்தம் வாய்மையைச் சோதித்து, முடிவை 2014ஆம் ஆண்டு வெளியிட்டனர். மூக்கு நீண்ட பினோக்கியோவின் கதையும், 'ஓநாய்' எனப் பொய்க்கூச்சலிட்ட சிறுவனின் கதையும் பொய்யைக் குறைத்தில. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற வாசிங்டனின் கதையே குறைத்தது. (அக்கதை புனைந்துரை என்பது வேறு!)

இனிப் பியாட்ரிக்ஸ் பாட்டர் எழுதி வரைந்து 1902ஆம் ஆண்டு வெளிவந்த 'பீட்டர் முயலின் கதை'யை நோக்குவோம். தாய் சொல்லைத் தட்டித் தோட்டத்துள் நுழைந்த பீட்டர் நீலச் சட்டையை இழக்கின்றான். தங்கையர் நல்லுணவு உண்ண, அவனுக்குக் கிடைப்பது மருந்துநீரே. பலரும் இவ்வளவில் நின்றுவிடுவர். எம் உள்ளம் கவர்வது இடைப்பட்ட ஒரு பக்கம். தப்பியோடும் பீட்டர் குளக்கரையில் ஒரு வெள்ளைப் பூனையைக் காண்கின்றான். மீன்களையே நோக்கியிருக்கும் அதனிடம் வழி கேட்கலாமே? அவன் கேட்கவில்லை; பூனைகளைப் பற்றித் தன் உறவினன் கூறியதை எண்ணி ஓசையின்றி அகல்கின்றான். பின்னர்த் தள்ளுவண்டி மீது ஏறி, பகைவன் எங்கே, வாயில் எங்கே என நோக்கிய பின்னரே ஓடுகின்றான். தவறிய பிள்ளையே இங்கு நன்கு தேர்கின்றான்! பூனையின் படத்தைக் காட்டி, தாளைப் புரட்டாது, "இவன் என்செய்யலாம்?" என ஆசிரியர் வினவுவாராயின், குழந்தையும் உடன் தேர்கின்றது.

இதற்கு ஒரு தடை உண்டு. 4 முதல் 6 வயதினரிடம் நிகழ்த்தி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றொரு கனடிய ஆய்வில், பகிர்ந்தளித்தலைக் கூறும் கதையில் மனிதர் இடம்பெற்றபோதே குழந்தைகள் மிகுதியாகப் பகிர்ந்தனர். விலங்குகள் இடம்பெற்றபோது அப்பயன் காணப்படவில்லை. பஞ்சதந்திரத்தில் வளர்ந்த நமக்கு இது கசப்பான செய்தியே. விலங்கினின்று தன் வாழ்வுக்குக் குழந்தை தானே கடந்து வரும் என நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். கதையின் அடியில் 'நீதி' என்று அச்சிடுவதும் அவ்வெண்ணத்தால் போலும். அவ்விடத்தில், "நீ வழி தவறினால் யாரிடம் கேட்பாய்?" என்னும் வினாவை அச்சிடலாம்.